நிறுவனச் சுவர்களுக்குள் நிரற் பகிர்வு: புலம்பெயர் இளையோரின் கவனத்திற்கு

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மகனோ மகளோ என்ன தொழில் செய்கிறார் என்று வினவினால், "கொம்பியூட்டர் வேலை" என்ற இரு சொற்களோடு அந்தப் பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. மருத்துவரின் பணி இன்னதென்று பெற்றோருக்குத் தெரியும். கணக்காளரின் பணியும் ஓரளவு தெரியும். மென்பொருள் எழுதுபவர் காலை முதல் மாலை வரை திரையின் முன்னால் எதனைச் செய்கிறார், யாருடன் சேர்ந்து செய்கிறார், அவர் எழுதியது யாருக்குச் சொந்தம் என்பவை வீட்டில் பேசப்படுவதில்லை. அறிவுரை மட்டும் தாராளமாக வழங்கப்படுகின்றது. "உனக்குத் தெரிந்ததை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடாதே, பிறகு உன்னை எதற்கு வைத்திருக்கப் போகிறார்கள்?" என்பது அவ்வறிவுரைகளுள் முதன்மையானது.

இவ்வறிவுரை காரணமின்றிப் பிறந்ததன்று. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்ட பின்னர், ஒரு சில புள்ளிகளால் வாழ்க்கையே திசைமாறிப்போன தலைமுறை ஒன்று உண்டு. அடுத்த வாங்கில் இருந்தவனுக்குக் குறிப்புக் கொப்பியைக் கொடுப்பதா வேண்டாமா என்று அத்தலைமுறை தயங்கியதில் வியப்பில்லை. பின்னர் போர் வந்தது. அகதி வாழ்வு வந்தது. மொழி தெரியாத நாட்டின் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் எவரை நம்புவது என்று தெரியாத முதலாண்டுகள் வந்தன. கையில் இருப்பதை இறுகப் பிடித்துக்கொள் என்ற பாடத்தை வாழ்க்கையே அவர்களுக்குக் கற்பித்தது. ஆயினும், அந்தப் பாடம் மென்பொருள் நிறுவனமொன்றின் உள்ளே பொருந்துவதில்லை. பொருந்தாததோடு நில்லாமல், அதனைக் கைக்கொள்ளும் இளையோருக்கும் அவர்களுடைய சமூகத்திற்கும் கேடும் விளைவிக்கின்றது.

இதனை விளங்கிக்கொள்ளத் தமிழர்களுக்கு மிக நெருக்கமான ஒரு சிறிய பொருளையே எடுத்துக்கொள்ளலாம். அது பெயர்.

சிவசுப்பிரமணியம் பாலகிருஷ்ணன் என்று ஒருவருக்குப் பெயர் இருப்பதாகக் கொள்க. ஆங்கில எழுத்துகளில் எழுதினால் முதற்சொல் 15 எழுத்து, இரண்டாவது 12 எழுத்து, நடுவே ஓர் இடைவெளி, ஆக 28. வங்கி அட்டையின் காந்தப் பட்டையில் பெயருக்கென அனைத்துலகத் தரம் ஒதுக்கியிருக்கும் இடமோ 26 மட்டுமே. எனவே எங்கோ ஓரிடத்தில் பெயர் வெட்டப்பட்டாக வேண்டும். எவ்வாறு வெட்டுவது, முதற்சொல்லைச் சுருக்குவதா, கடைசி இரண்டு எழுத்துகளைக் கொய்துவிடுவதா என்று தீர்மானிப்பவர் வங்கி முகாமையாளர் அல்லர், நிரலாளர் ஒருவர். பெரிய வங்கியொன்றில் கணக்குத் திறக்கும் பிரிவு, அட்டைப் பிரிவு, வீட்டுக்கடன் பிரிவு, கைத்தொலைபேசிச் செயலிப் பிரிவு என்று பல பிரிவுகள் இருக்கும். அவை ஒவ்வொன்றும் பெயரைச் சரிபார்க்கும் நிரலைத் தனித்தனியே எழுதி வைத்திருந்தால், ஒன்று தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். மற்றொன்று இயற்பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடும். இன்னொன்று குடும்பப் பெயர் இல்லாத விண்ணப்பத்தை ஏற்கவே மறுக்கும். ஒரே மனிதர் ஒரே வங்கியில் மூன்று பெயர்களோடு திரிவார். கடவுச்சீட்டும் வங்கிப் பதிவும் ஒத்துப்போகாமல் தாய்தந்தையர் அலைக்கழிந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த வங்கியின் செயலிப் பிரிவில் தமிழ்ப்பெண் ஒருவர் நிரலாளராக இருக்கிறார் என்று கொள்க. தமிழ்ப் பெயர் எவ்வாறு அமைகின்றது என்பது அவருக்குத் தெரியும். தம் பிரிவின் நிரலைத் திருத்தியும் விடுகிறார். ஆனால் அட்டைப் பிரிவின் நிரலைத் திறந்து பார்க்கும் அனுமதி அவருக்கு இல்லை. கடன் பிரிவிலும் அதே சிக்கல் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவருடைய அறிவு நான்கில் ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கின்றது. ஒரு நிறுவனம் தான் ஒருமுறை எழுதியதை மறுமுறையும் பயன்படுத்துவது, அதாவது மென்பொருள் மீள்பயன்பாடு, இந்தச் சுவரை உடைப்பதில்தான் தொடங்குகின்றது. சுவர் தொழில்நுட்பத்தால் கட்டப்பட்டதன்று; அனுமதியாலும் அச்சத்தாலும் கட்டப்பட்டது.

மீள்பயன்பாடு புதிய எண்ணமன்று. 1968 ஒக்ரோபரில் யேர்மனியின் பவேரிய மலையடிவாரத்திலுள்ள கார்மிஷ் என்ற ஊரில் நேட்டோவின் ஆதரவில் மென்பொருட் பொறியியல் பற்றிய மாநாடு ஒன்று நடைபெற்றது. அங்கே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்ரோய், மென்பொருட் கூறுகளைத் தொழிற்சாலைப் பொருள்போல் பெருந்தொகையாக ஆக்கி அடுக்கிவைக்க வேண்டும் என்று வாதிட்டார். மின்னணுக் கருவி செய்பவர் பட்டியலைப் புரட்டித் தமக்கு வேண்டிய உறுப்பைத் தெரிவுசெய்வது போல, நிரலாளரும் பட்டியலைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கண்ட கனவு. கணித சைன் சார்பைக் கணிக்கும் நிரலைக்கூட வேண்டிய துல்லியத்திற்கும் வேகத்திற்கும் ஏற்பப் பல வகைகளில் வைத்திருக்கலாம் என்று அவர் விளக்கினார். 1973 இல் யுனிக்ஸ் இயங்குதளத்தில் சிறு சிறு கருவிகளைக் குழாய்போல் ஒன்றோடொன்று இணைக்கும் வழி பிறந்ததற்கும் அவரே காரணர்.

அக்கனவைப் பின்தொடர்ந்து பல பெருநிறுவனங்கள் நிரற் களஞ்சியங்களை அமைத்தன. எழுதி முடித்த கூறுகளைப் பெயரிட்டு அடுக்கினார்கள், பட்டியலும் போட்டார்கள். ஆனால் களஞ்சியங்களுட் பல தூசு படிந்தன. காரணம் எளியது. அடுக்கில் இருக்கும் கூறு தமக்கு வேண்டியதற்குத் தொண்ணூறு விழுக்காடு பொருந்தினாலும் எஞ்சிய பத்தைத் திருத்த அனுமதியில்லை. எழுதியவர் யார், அவர் இன்னும் நிறுவனத்தில் இருக்கிறாரா என்று தெரிவதில்லை. வழு ஒன்று வெளிப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்றும் தெரிவதில்லை. அந்நிலையில் அறிவுள்ள எந்த நிரலாளரும் இரண்டில் ஒன்றையே செய்வார்: தாமே புதிதாக எழுதுவார், அல்லது பழையதைப் பிரதியெடுத்துத் தம் இடத்தில் ஒட்டிவிட்டு மாற்றிக்கொள்வார். பின்னையதை மீள்பயன்பாடு என்று சிலர் தவறாகப் பெருமை கொள்வதுண்டு. பிரதியெடுத்த நாளிலேயே மூலமும் பிரதியும் பிரிந்துவிடுகின்றன. மூலத்தில் செய்யப்படும் திருத்தம் பிரதியைச் சென்று சேர்வதில்லை.

(இணையத்தின் தொடக்க காலத்தில் தமிழே இந்த நோயால் நீண்டகாலம் துன்புற்றது. பாமினி என்றும் மயிலை என்றும் வெவ்வேறு எழுத்துருக்கள், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு குறியீட்டு முறை. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகள். ஒருங்குறியில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கிடைத்திருந்தும், அதன்பின் பல ஆண்டுகளுக்குத் தமிழ் இணையத்தளங்கள் தத்தம் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுமாறு வாசகரை வேண்டிக்கொண்டிருந்தன.)

களஞ்சியத்தால் இயலாததை இயல்விக்கும் வழி நிறுவனங்களுக்கு வெளியிலிருந்து வந்தது. 1983 இல் ரிச்சார்ட் ஸ்ரோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை இணையத்தில் வெளியிட்டார். ஒருவரையொருவர் கண்டிராத ஆயிரக்கணக்கானோர், எவரும் சம்பளம் கொடாத நிலையிலும், மூலநிரலைப் படித்தனர்; பிழை கண்டனர்; திருத்தம் அனுப்பினர். அனுப்பியதை எல்லாம் ஏற்றுவிடாமல், பேணுநர் ஒருவர் படித்துப் பார்த்து ஏற்கவும் மறுக்கவும் செய்தார். ஊதியமில்லாமல் இது நடக்குமெனில், ஒரே நிறுவனத்தில் ஒரே முதலாளியிடம் ஊதியம் பெறுவோருக்கிடையே ஏன் நடவாது? இவ்வினாவுக்கு விடையாக, திறந்த மூல இயக்கத்தின் நடைமுறைகளை நிறுவனச் சுவர்களுக்குள்ளேயே கையாளும் முறைக்கு 2000 ஆம் ஆண்டில் பதிப்பாளர் ரிம் ஓரெய்லி ஒரு பெயரிட்டார். தமிழில் அதனை உள்ளகத் திறந்த மூலம் எனலாம். நிரல் வெளியுலகிற்குத் திறக்கப்படுவதில்லை. ஆனால் நிறுவனத்தில் பணிபுரியும் எவரும் அதனைப் பார்க்கலாம், எவரும் திருத்தம் முன்மொழியலாம், ஏற்பதா மறுப்பதா என்று பெயர் குறித்த பேணுநர் முடிவுசெய்வார். ஹியூலற் பக்கார்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2002 இலேயே இதுபற்றி எழுதினார்கள். யேர்மனியின் பொஷ் நிறுவனம் 2009 முதல் இதனைச் செய்துபார்த்தது. 2015 இல் பேபால் நிறுவனத்தில் பணியாற்றிய டனீஸ் கூப்பர், இம்முறையைக் கைக்கொள்ளும் நிறுவனங்கள் அனுபவத்தைப் பகிர்வதற்கென ஓர் அமைப்பையே தொடங்கினார்.

இவற்றுள் மிகுந்த கவனத்திற்குரியது லூசென்ற் நிறுவனத்தில் நிகழ்ந்தது. இணையத்தின் வழியே தொலைபேசி அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் நெறிமுறை ஒன்று அக்காலத்தில் உருவாகி வந்தது. அந்நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் அந்நெறிமுறைக்கான நிரலை எழுதினார். நிறுவனத்தின் பிற குழுக்கள் அதனைக் கேட்டன, அவர் கொடுத்தார். கேட்ட குழுக்கள் பெருகின. திருத்தங்கள் திரும்பி வரலாயின. ஒரு குழுவுக்கு வேகம் வேண்டும். மற்றொரு குழுவுக்குப் புதிய வசதி வேண்டும். இன்னொன்றுக்குத் தன் பொருளை வெளியிடும் நாளுக்கு முன்னர் எதுவும் மாறக்கூடாது. தனியொருவரால் தாங்கமுடியாத சுமையாயிற்று. அப்போதுதான் நடுவே ஒரு கருக்குழுவும், ஒவ்வொரு பொருட்குழுவோடும் தொடர்பு பேணுவதற்கு ஒருவரும் என ஒழுங்கு அமைந்தது. லூசென்ற் ஆய்வாளர் இருவரும் கார்ணகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரும் இணைந்து 2006 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இந்த அனுபவத்தை விரித்துரைக்கின்றது. பகிர்வு தானாகவே நிலைத்துவிடும் என்ற நம்பிக்கை பொய். அதற்கென ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அந்த நேரத்துக்கு நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும் என்பதை அக்கட்டுரையைப் படிப்போர் உணர்வர்.

கூகிள் நிறுவனம் வேறொரு வழியில் இதனை எட்டியது. அதன் பெரும்பான்மையான நிரல் ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றது. 2015 சனவரியில் அதில் ஏறத்தாழ 200 கோடி வரி நிரல் இருந்ததாக அந்நிறுவனப் பொறியியலாளர்கள் 2016 இல் எழுதினார்கள். பெரும்பாலான பகுதிகளை எந்தப் பொறியியலாளரும் படிக்கலாம். மாற்றுவதற்கோ அப்பகுதிக்குப் பொறுப்பானவரின் ஒப்புதல் வேண்டும். பொதுக்கூறு ஒன்றை மாற்ற விரும்புபவர், அம்மாற்றத்தால் பாதிக்கப்படும் இடங்களையும் தேடிச் சரிசெய்ய இந்த ஒற்றைக் களஞ்சியம் வழிசெய்கின்றது. முன்னர் சொன்ன வங்கிப்பெண் இத்தகைய ஓரிடத்தில் இருந்திருப்பாரெனில், பெயரை வெட்டும் நான்கு நிரல்களையும் ஒரு பிற்பகலில் தேடிக் கண்டுபிடித்திருப்பார். அவற்றை ஒன்றாக்குவதற்கு நான்கு பிரிவினரோடும் வாதாட வேண்டியிருந்திருக்கும் என்பது வேறு கதை. கதவு திறந்திருந்தாலும் உள்ளே இருப்பவரை இணங்கவைக்கும் வேலை மிச்சமாகவே இருக்கின்றது.

மீள்பயன்பாட்டின் பெருமையை மட்டும் பாடுவது நேர்மையன்று. கேள்வியின்றி எடுத்துப் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதற்கு 1996 சூன் 4 ஆம் நாள் பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்தில் நடந்ததைவிடச் சிறந்த சான்று இல்லை. ஐரோப்பாவின் ஏரியான் 5 ஏவூர்தி தன் முதற் பயணத்தில், புறப்பட்டு நாற்பது விநாடி ஆகுமுன்னரே திசைமாறி வெடித்துச் சிதறியது. அறிவியல் ஆய்வுக்கான நான்கு கிளஸ்டர் செய்மதிகளும் அதனோடு அழிந்தன. ழாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த மாதமே அறிக்கை அளித்தது. ஏவூர்தியின் நிலையைக் கணிக்கும் கருவியின் நிரல் ஏரியான் 4 இலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட் வடிவிலிருந்து 16 பிட் வடிவிற்கு மாற்றும் வரி அதில் இருந்தது. ஏரியான் 4 இன் பாதையில் அவ்வெண் ஒருபோதும் பெரிதாக வராது. ஏரியான் 5 அதனைவிட விரைவானது, எண் பெருகிற்று, 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. முதன்மைக் கருவி நின்றது. அதற்கு மாற்றாக வைக்கப்பட்டிருந்த கருவியும் அதே நிரலைக் கொண்டிருந்தமையால் அதே காரணத்தால் நின்றது. இதில் மிகவும் வேதனையானது, பிழை நிகழ்ந்த அந்தப் பகுதி ஏரியான் 5 மேலெழுந்த பின்னர் எதற்குமே தேவைப்படாதது என்பதுதான். பழைய ஏவூர்திக்கு ஒருகால் பயன்பட்ட ஒழுங்கு, புதியதிலும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

நிரலில் எழுத்துப்பிழை இல்லை. அது எழுதப்பட்ட ஏவூர்திக்கு அது சரியான நிரலே. இவ்வெண் இவ்வளவுக்கு மேல் வராது என்ற எடுகோள் நிரலின் அருகே தெளிவாக எழுதப்பட்டிருக்கவில்லை. புதிய ஏவூர்தியின் உண்மையான பாதைத் தரவைக் கொண்டு அக்கருவி சோதிக்கப்படவுமில்லை. பகிர்வு என்பது கோப்பைக் கொடுப்பதோடு முடிவதில்லை என்பதை இளைய நிரலாளர்கள் இங்கிருந்துதான் கற்கவேண்டும். கொடுப்பவர், "இது இன்ன நிலைமைக்கு எழுதியது" என்று எழுதிவைக்கக் கடமைப்பட்டவர். எடுப்பவர், "என் நிலைமை அதுதானா?" என்று வினவக் கடமைப்பட்டவர். அவ்வாறு வினவும்போது விடையளிக்க ஒரு பேணுநர் இருந்தாக வேண்டும்.

இந்தப் பேணுநர் பணியைப் பெரும்பாலான நிறுவனங்கள் மதிப்பதில்லை. ஆண்டு இறுதி மதிப்பீட்டில் என்ன புதிதாகச் செய்தாய் என்றே கேட்கிறார்கள். மற்றப் பிரிவினரின் ஐயங்களுக்கு விடை எழுதியது, தரமற்ற திருத்தத்தை மறுத்து அது ஏன் தரமற்றது என்று பொறுமையாக விளக்கியது, பத்து ஆண்டுப் பழைய குறிப்பைப் புதுப்பித்தது ஆகியவை எந்தப் பத்தியிலும் நிரப்ப முடியாதவை. 2021 திசம்பரில் லொக்4ஜே என்ற பொதுக்கூறில் கடுமையான பாதுகாப்புத் துளை வெளிப்பட்டபோது, அக்கூறு தங்களின் எந்தெந்த மென்பொருள்களுக்குள் இருக்கின்றது என்று சொல்லத் தெரியாமல் உலகின் பெருநிறுவனங்கள் திண்டாடின. அதனைப் பேணியவர்கள் தன்னார்வலர்கள், பயன்படுத்தியவர்களோ பெருமுதலாளிகள். வெளியில் நடந்த இந்த அநீதியே சிறு அளவில் நிறுவனங்களுக்குள் நாள்தோறும் நடக்கின்றது. பொதுவான நிரலைத் தோளிற் சுமப்பவர் பதவி உயர்வுப் பட்டியலில் பின்னால் நிற்கின்றார். முகாமையாளர்கள் இதனைத் திருத்தாதவரை, உள்ளகத் திறந்த மூலம் பற்றிய அவர்களுடைய உரைகள் வெறும் அலங்காரமே.

பல நாடுகளில் கிளை விரித்த நிறுவனங்களில் இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. ஒரே பெயரைத் தாங்கினாலும், சட்டத்தின் கண்ணில் அவை வெவ்வேறு நிறுவனங்கள். ஒன்றின் நிரலை மற்றொன்று எடுத்தால், அது சொத்துக் கைமாற்றமாகி வரி அதிகாரிகளின் கேள்விக்கு உள்ளாகலாம். யேர்மன் தொடருந்து நிறுவனத்தின் தகவல்நுட்பப் பிரிவு இதற்கெனத் தனியான உள்ளக உரிமமொன்றையே வகுத்திருக்கின்றது. சட்டம் பயிலும் தமிழ் இளையோருக்கு இதுவும் ஒரு துறை.

இனி, பெற்றோரின் அச்சத்திற்கு வருவோர் அதனை எள்ளி நகையாடுதல் கூடாது. தெரிந்ததைப் பகிர்ந்துவிட்டால் வேலை போய்விடுமா? பணிநீக்கப் பட்டியல் எழுதப்படும்போது, பகிர்ந்தார் என்பதற்காக எவரையும் நிறுவனம் காப்பாற்றும் என்று உறுதியளிக்க இயலாது. ஆனால் பூட்டி வைத்தவரையும் அது காப்பாற்றுவதில்லை. ஒரு நிரலைத் தான் மட்டுமே அறிந்திருப்பவர், அந்நிரலுக்கே கைதியாகிவிடுகிறார். அவர் விடுமுறையில் சென்றாலும் தொலைபேசி அழைக்கும். புதிய பணிக்கு அவரை மாற்ற மேலிடம் தயங்கும். ஏனெனில் பழையதைப் பார்க்க வேறெவரும் இல்லை. ஒருநாள் நிறுவனம் அந்தப் பழைய மென்பொருளையே கைவிடத் தீர்மானிக்கும்போது, பத்து ஆண்டுகளாக அவர் காத்துவந்த இரகசியத்திற்குச் சந்தையில் விலையே இராது. ஐம்பது வயதை எட்டிய புலம்பெயர் நிரலாளர் ஒருவருக்கு இது நேருமெனில் மீண்டெழுவது எளிதன்று.

பகிர்பவருக்குக் கிடைப்பது வேறு. உள்ளகத் திறந்த மூலத்தில் ஒவ்வொரு திருத்தமும் எழுதியவரின் பெயரோடும் நாளோடும் பதிவாகின்றது. பெயரை உச்சரிக்கச் சிரமப்படும் முகாமையாளர், கூட்டங்களில் உரத்துப் பேசுபவரையே திறமைசாலி என்று எண்ணும் முகாமையாளர், மாலையில் மதுச்சாலைக்கு வருபவரோடு மட்டும் நெருங்கும் முகாமையாளர் ஆகியோரிடத்தில் அமைதியான தமிழ்ப் பிள்ளைகள் பின்தள்ளப்படுவது புதிதன்று. வேறு பிரிவின் பொறியியலாளர் ஒருவர் அப்பிள்ளையின் திருத்தத்தைப் படித்து, ஏற்று, "இதனை எழுதியவர் யார்?" என்று கேட்கும்போது, அந்த முகாமையாளரைச் சுற்றிச் செல்லும் ஒரு பாதை பிறக்கின்றது. இது முழுமையான நீதி என்று சொல்வதற்கில்லை. திருத்தத்தை ஏற்பவரும் மனிதரே. அவரிடமும் பாகுபாடு இருக்கலாம். ஆயினும் எழுதப்பட்ட பதிவு இருக்கின்றது. மறுக்கப்பட்டால், காரணமும் எழுத்தில் இருக்கின்றது. கூட்ட அறையில் காற்றோடு போகும் சொல்லைவிட இது மேலானது.

ஆகவே வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளையோர், சம்பளத்தை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பலாகாது. மற்றப் பிரிவுகளின் நிரலைப் பார்க்க அனுமதி உண்டா? வேறொரு பிரிவின் நிரலில் பிழை கண்டால் திருத்தி அனுப்பும் வழி என்ன, எத்தனை நாளில் விடை வரும்? பொதுக்கூறுகளைப் பேணுவதற்கென ஒதுக்கப்பட்ட நேரம் எவ்வளவு? அப்பணி ஆண்டு மதிப்பீட்டில் எங்கே இடம்பெறுகின்றது? கடைசிக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில், பொதுக்கூறின் பேணுநராகப் பொறுப்பேற்க அவசரப்படாமல் இருப்பது நன்று.

பகிர்வைப் பற்றிப் பேசும்போது அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பணியிடத்தில் எழுதப்பட்ட நிரல், எழுதியவருக்கு எவ்வளவு பிடித்தமானதாயினும், பெரும்பாலான வேலை ஒப்பந்தங்களின்படி நிறுவனத்தின் உடைமை. நிறுவனத்தின் உள்ளே எல்லாருக்கும் திறந்திருக்கின்றது என்பதால் அது வெளியே கொண்டுசெல்லத்தக்கதாகிவிடாது. நியூயோர்க்கின் பெரிய முதலீட்டு வங்கி ஒன்றில் பணியாற்றிய நிரலாளர் ஒருவர், வேறு நிறுவனத்திற்கு மாறும் வேளையில் நிரற் கோப்புகளை வெளியிலிருந்த கணினி ஒன்றிற்கு அனுப்பியதற்காக 2009 சூலையில் கைதுசெய்யப்பட்டார். அவற்றுட் சில ஏற்கெனவே திறந்த மூலமாக இருந்த நிரலிலிருந்து வந்தவை. அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2012 இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஆனால் அதே ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் மீண்டும் வழக்குத் தொடரப்பட்டு, 2018 இல் நியூயோர்க் மாநிலத்தின் உயர் நீதிமன்றம் ஒரு குற்றத்தை உறுதிசெய்தது. கைதான நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகள். குடியுரிமை இன்னும் கிடைக்காத, வேலை அனுமதியில் வாழும் ஓர் இளைஞருக்கு இத்தகைய வழக்கு என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். தாம் எழுதிய கூறு வெளியுலகிற்கும் பயன்படும் என்று கருதுவோர், அதனைத் திறந்த மூலமாக வெளியிட நிறுவனத்திடம் எழுத்துமூல அனுமதி கேட்கலாம். பல நிறுவனங்களில் அதற்கென விதிமுறையே உண்டு. அனுமதி வரும்வரை ஒரு வரியையும் வீட்டுக் கணினிக்கு அனுப்பாதிருத்தல் வேண்டும்.